டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்

மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் 11 வருஷமாக நிற்கிறேன். டி.ஃபார்ம் படித்தபோது சத்து மாத்திரைகளைப் பற்றிப் படித்தது கொஞ்சம்தான், கடையில் தள்ளிவிடச் சொன்னது அதைத்தான். எல்லாம் மார்ஜின். "பத்துக்கு நாலு ஃப்ரீ" என்று ரெப் சொல்லிவிட்டுப் போனால் மறுநாளே அந்த டப்பா கண் மட்டத் தட்டுக்கு வந்துவிடும். அது தரமானதா என்று நானும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஒருநாள் மீன் எண்ணெய் டப்பா இரண்டைக் கவுன்ட்டரில் வைத்தார். "தம்பி, ரெண்டுலயும் 1000 மில்லிகிராம், 60 மாத்திரைன்னு போட்டிருக்கு. ஒண்ணு 400 ரூபா, ஒண்ணு 1,100. ஏன்?" பெரிய கம்பெனி சார் என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கும் பார்ப்போம் என்று டப்பாவைத் திருப்பினேன். 1000 என்பது எண்ணெயின் எடை. மலிவானதில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 (இரண்டும் ஒமேகா-3 கொழுப்புகள்), ஆக நமக்கு வேண்டிய ஒமேகா-3 வெறும் 300. விலை கூடியதில் 600. நான் நிம்மதியாக நிமிர்வதற்குள் அவர் கணக்கை முடித்துவிட்டார்: "அப்ப 400 ரூபா டப்பா ரெண்டு வாங்கினா 800தானே?"

அதிலிருந்து எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துவிடுவேன். கால்சியம் கார்பனேட் 1250 என்றால் அதிலுள்ள கால்சியம் 500தான். இதெல்லாம் ஏமாற்று வேலையும் இல்லை, பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது, படிப்பதற்குத்தான் ஆளில்லை.

திருப்பிப் பார்த்தும் பிடிபடாதது புரதப் பவுடர். "ஸ்கூப்புக்கு 25 கிராம்ணே" என்று ஜிம் பையன்கள் சொல்லும் கணக்கு, பெரும்பாலும் புரதத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வருவது. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் நைட்ரஜன் ஏறும், புரதம் கூடியதாகக் காட்டும். 2008இல் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடருக்கான பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்ததும் இதே சோதனையை ஏய்க்கத்தான். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாக இருந்தால் நான் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுவேன். பட்டியலில் போடாமலே கலப்பவனை என்னால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

"எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் இருக்கேண்ணே" என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண்ணைக் காட்டுவார்கள். அந்த 14 இலக்க எண் தெருமுனை ஹோட்டல் சுவரிலும் தொங்குகிறது. உணவுத் தொழில் நடத்த உரிமம், அவ்வளவுதான். கையிலிருக்கும் டப்பாவை யாரோ பிரித்துச் சோதித்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை.

வாத்தியார் இப்போதும் வருகிறார், மலிவு டப்பாவைக் கீழ்த் தட்டில் குனிந்து தேடி எடுக்கிறார். கண் மட்டத்தில் எது இருக்க வேண்டும் என்பதை முதலாளிதான் முடிவு செய்கிறார்.