மறதித் தேநீரை மறுத்தவள்

சென்ற சனிக்கிழமை இரவு, அம்மாவுடன் அமர்ந்து, ‘டொக்கேபி’ என்னும் கொரியத் தொடரின் பதினாறாவது பகுதியை, அதாவது கடைசிப் பகுதியை, மறுபடியும் பார்த்தேன். தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 2016 டிசம்பர் 2ஆம் நாள் தொடங்கி 2017 ஜனவரி 21ஆம் நாள் முடிந்த தொடர் அது. முதற்பகுதியிலிருந்து வரிசையாகப் பார்த்து வரும் பொறுமை இப்போது எனக்கு இல்லை. கடைசிப் பகுதியில் வரும் ஒரு தேநீர் அறைக் காட்சிக்காகத்தான் அதைத் தேடி எடுத்தேன்; அந்தக் காட்சியில் அழுவதற்காக என்றே சொல்லிவிடலாம், ஏனெனில் முதன்முறை பார்த்தபோது அவ்வளவு அழுதிருந்தேன்.

இம்முறை அழ முடியவில்லை. காரணம் அம்மா.

அம்மா இளம் வயதிலிருந்து பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். எங்கள் தோட்டத்துப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபிறகு, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்தோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர் என்பதால் திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளை அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆனால் படித்து முடிப்பதற்குள் வரி மறைந்துவிடும். ஆகவே நான் பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவது வழக்கம். இந்தத் தொடரை அம்மா முழுமையாகப் பார்த்ததில்லை. அதனால் முதல் பத்து நிமிடங்களுக்கு நான் படத்தைப் பார்க்கவில்லை, கதை சொன்னேன்.

கொரிய நாட்டார் வழக்கில் டொக்கேபி என்பது மனிதரின் ஆவி அன்று; மனிதக் கை பட்டுப் பழகிய பொருளிலோ, குருதி தோய்ந்த பொருளிலோ உயிர் புகுந்து உருவாகும் ஒன்று. தொடரில் அந்தப் பொருள் ஒரு வாள். கொர்யோ அரசின் காலத்தில், போர்களில் வென்று வந்த தளபதி கிம் ஷின், அவனுடைய புகழைக் கண்டு அஞ்சிய இளம் அரசனின் ஆணையால் கொல்லப்படுகிறான். மார்பில் பாய்ந்த அதே வாளோடு அவன் மீண்டும் எழுகிறான். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சாகாமல், தான் நேசித்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துக்கொண்டு, எதையும் மறக்க இயலாமல் வாழ்கிறான். அந்த வாளை உருவி அவனுக்குச் சாவைத் தரக்கூடியவள் அவனுடைய மணமகள் ஒருத்தியே. அவள்தான் ஜி உன்-தக், தாயின் வயிற்றில் இருந்தபோதே செத்திருக்க வேண்டியவள், அவனால் பிழைத்தவள், ஆவிகளைக் காண்பவள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் அவன் அவள் எதிரே வந்து நிற்பான். கிம் ஷினாகக் கோங் யூவும் உன்-தக்காகக் கிம் கோ-உன்னும் நடித்திருக்கிறார்கள். எழுதியவர் கிம் உன்-சூக்.

“முனியாண்டி மாதிரியா?” என்று அம்மா கேட்டார். எங்கள் தோட்டத்தில், காட்டு விளிம்பில், கையில் அரிவாளோடு காவல் நின்ற முனியாண்டியைத்தான் சொல்கிறார். காதலித்த முனியாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

கடைசிப் பகுதியில் இருவரும் மணம் செய்துகொண்டு, மற்ற வீடுகளைப் போல ஒரு குடும்பம் நடத்தத் தொடங்குகிறார்கள். அந்த மகிழ்ச்சியைத் தொடர் வேகமாகக் கடந்துவிடுகிறது. ஒருநாள், மேட்டில் நின்ற லாரி ஒன்று கட்டவிழ்ந்து சரிவில் உருண்டு வருகிறது. கீழே மழலையர் பள்ளிப் பேருந்து நிற்கிறது. காரில் வந்துகொண்டிருந்த உன்-தக் அதைக் கண்டு, தன் காரைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறாள். பிள்ளைகள் பிழைக்கிறார்கள், அவள் இறக்கிறாள். கடவுளின் கணக்கில் இந்தச் சாவு இல்லை என்பதுதான் இங்கே நுட்பம். பிறப்பதற்கு முன்பே சாக வேண்டியிருந்தவள் என்பதால், தொடர் நெடுகச் சாவு அவளைத் துரத்துகிறது. ஒவ்வொரு முறையும் கிம் ஷின் வந்து காப்பாற்றுகிறான். ஆனால் ஒரு மனிதர் தானே முன்வந்து உயிரைக் கொடுப்பதை முன்கூட்டிக் கணக்கிடக் கடவுளாலும் இயலாது என்று தொடர் சொல்கிறது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய எனக்கு, அந்தச் சரிவும் அந்த லாரியும் இம்முறை சற்று அதிகமாகவே நெஞ்சை அழுத்தின.

பிறகு தேநீர் அறை. இறந்தவர்களை அழைத்துச் செல்லும் எமதூதன் ஒருவன் தொடரில் வருகிறான். கறுப்புத் தொப்பியும் கறுப்பு உடையுமாக, லீ டொங்-வூக். இறந்தவர்கள் அவனுடைய தேநீர் அறைக்கு வந்து, எதிரே அமர்ந்து, அவன் தயாரித்துத் தரும் தேநீரைக் குடிப்பார்கள். குடித்தால் முடிந்த பிறவியின் நினைவுகள் அனைத்தும் அழியும். மறதியும் கடவுளின் கனிவுதான் என்பது அவன் கட்சி. இந்த முறை அவன் எதிரே அமர்ந்திருப்பவள் தன் வீட்டிலேயே உண்டு உறங்கிய உன்-தக். கிம் ஷின் ஓடி வருகிறான். அவள் அழுகிறாள், சிரிக்கவும் பார்க்கிறாள். அடுத்த பிறவியில் நீண்ட ஆயுளோடு பிறந்து உன்னைத் தேடி வருவேன், ஓடிப்போய் ஓடி வந்துவிடுவேன் என்று சொல்லி, தேநீரைத் தொடாமலே கதவைத் திறந்துகொண்டு போகிறாள்.

இந்த இடத்தில் நான் கண்ணைத் துடைக்க ஆயத்தமாக இருந்தேன். அம்மா, “குடிச்சிருந்தா அந்தப் பிள்ளைக்கு நல்லதுதானே” என்றார்.

நான் திரையை நிறுத்திவிட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மறுப்பைத்தான் தொடரின் உச்சமாக நினைத்து வந்திருக்கிறேன். தோழிகளிடம் அப்படித்தான் பேசியிருக்கிறேன். ஏன் அம்மா என்று கேட்டேன். அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். தோட்டத்தை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும், வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்க விடியுமுன்னே அடிக்கும் பிரட்டு மணி அவர் காதில் ஓயவில்லை. நாலரை மணிக்குக் கண் திறந்துவிடுகிறது. எழுந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தலைவிளக்கோடு மரத்தடிக்குப் போய்ப் பழகிய உடம்பு அது. சீவ மரமில்லை, பால் எடுக்க மங்கு இல்லை, பெயர் கூப்பிடக் கங்காணி இல்லை. மணி மட்டும் இருக்கிறது. “அந்தத் தேத்தண்ணிய குடிச்சா அது போகும்னா, நான் ரெண்டு மங்கு குடிப்பேன்.”

சோகமான ஒன்றைச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். தங்கள் துயரை நாம் எதிர்பார்க்கும் வடிவத்தில் பெரியவர்கள் தருவதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். ஆனால் நிறுத்திய காட்சியை மறுபடி ஓடவிட்டபோது, தொடரை நான் பாதிதான் புரிந்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. கிம் ஷினுக்கு வாய்த்த தண்டனை மறக்க இயலாமை. எமதூதனுக்கு வாய்த்த தண்டனை அதற்கு நேர் எதிர். இந்தத் தொடரில் எமதூதர்கள், முற்பிறவியில் பெரும் பாவம் செய்து, தாம் யார் என்பதே தெரியாதபடி நினைவு பறிக்கப்பட்டவர்கள். அந்தப் பாவம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டது என்பது பின்னால்தான் தெரிய வருகிறது. இந்தத் தேநீர் அறை எமதூதனோ கிம் ஷினைக் கொல்ல ஆணையிட்ட அதே அரசன், வாங் யோ. கொன்றவன் எதையும் அறியாமல், கொல்லப்பட்டவன் எதையும் மறக்காமல், இருவரும் ஒரே வீட்டில் பல பகுதிகளாகச் சண்டையிட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். நினைவைப் பரிசாகவும் மறதியை இழப்பாகவும் மட்டுமே எண்ணிக்கொண்டு அந்தத் தேநீர் அறையைப் பார்த்தது என் பிழை. வாங் யோ நீட்டும் கோப்பையில் கனிவும் உண்டு. இதைப் பால்மரம் சீவிய கை எனக்கு முன்பே கண்டுகொண்டது.

மறதியை ஊட்டும் பானம் கொரியருக்கு மட்டும் உரியதன்று. பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியிடம் மறுநாள் வேலி ஓரம் நின்று இந்தக் கதையைச் சொன்னபோது, பாதியிலேயே “மெங் போ” என்றார்: பாதாளத்தில் பாலத்தருகே நின்று, மறுபிறவிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் வடிசாறு ஊற்றிக் கொடுக்கும் கிழவி. நம்மிடம் அப்படி ஒரு பானம் இல்லை, காற்று இருக்கிறது. பிறக்கும் குழந்தையைச் ‘சடம்’ என்னும் வாயு சூழ்ந்து, அதுவரை இருந்த அறிவை மறைத்துவிடுகிறது என்றும், நம்மாழ்வார் பிறந்தபோது அந்த வாயுவைச் சினந்து விரட்டியதால் அவருக்குச் சடகோபன் என்னும் பெயர் வந்தது என்றும் வைணவர் சொல்வார்கள். பெருமாள் கோயிலில் தலையில் வைக்கும் சடாரிக்குச் சடகோபம் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஆக, மறக்க மாட்டேன் என்று நிற்பது நம் மரபில் ஞானியின் செயல். கொரியக் கதாசிரியர் அதைத் தன் கணவனை விட்டுப் போக மனமில்லாத ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு இந்த இரண்டாவது வடிவமே நெருக்கமாக இருக்கிறது.

குறை சொல்லவும் இடமுண்டு. தொடங்கும்போது உன்-தக் பள்ளி மாணவி. நடித்தவர்களுக்குள்ளேயே பன்னிரண்டு வயது வேறுபாடு. முதன்முறை பார்த்தபோது உறுத்தாத இது, இப்போது பல இடங்களில் நெளிய வைக்கிறது. கடைசிக் காட்சியிலும் அவளை மறுபடி பள்ளிச் சீருடையில் கொண்டுவந்து நிறுத்த என்ன தேவை என்று தெரியவில்லை. இன்னொன்று விளம்பரம். சாகாவரம் பெற்றவர்கள் உருகிப் பேசும் நேரத்தில்கூட விற்பனைப் பொருள் ஏதாவது ஒன்று நல்ல வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கிறது.

உன்-தக் போனபின் முப்பது ஆண்டுகள் சில நிமிடங்களில் கடக்கின்றன. இந்தப் பகுதியில் எனக்கு இம்முறை மிகவும் பிடித்தவள் சன்னி. நடித்தவர் யூ இன்-னா. முற்பிறவியில் அவள் கிம் ஷினின் தங்கை, வாங் யோவின் அரசி. தொடரின் நடுவில், வாள் உருவப்பட்டுக் கிம் ஷின் சில காலம் மறைந்தபோது, கடவுள் மனிதர்கள் எல்லோருடைய நினைவையும் அழித்துவிட்டார். அவளுடையதை மட்டும் அழிக்கவில்லை. அவளோ எதுவும் தெரியாதவள் போல ஒன்பது ஆண்டுகள் நடித்து, தன்னிடம் வேலை பார்த்த உன்-தக்கின் அருகிலேயே தங்கியிருந்தாள். நினைவைச் சுமப்பது எப்படி என்று ஒருவரிடம் பாடம் கேட்பதென்றால் நான் அவளிடம்தான் கேட்பேன். அண்ணனைக் கொல்லச் சொன்னவனை இந்தப் பிறவியில் மன்னிக்க மாட்டேன், அதனால் பார்க்கவும் மாட்டேன் என்று வாங் யோவை விட்டு விலகிப் போகிறாள். அவள் இறக்கும் நாளில், அவன் அழைத்துச் செல்ல வேண்டிய கடைசிப் பெயராக அவள் வருகிறாள். இருவரும் கைகோத்துக்கொண்டு போகிறார்கள். அந்த நடையில் ஒரு சொல் மிகையில்லை.

பிறகு மறுபிறவி. அவர்கள் இருவரும் காவல் துறையினனாகவும் நடிகையாகவும் பிறந்து, பழையது எதுவும் தெரியாமல், புதிதாகக் காதலிக்கிறார்கள். தேநீரைக் குடித்தவர்களின் காதலும் நடக்கத்தான் செய்கிறது என்பதை இவர்களைக் கொண்டு தொடரே காட்டிவிடுகிறது; இதை நான் முன்பு கவனிக்கவில்லை. கனடாவின் கியூபெக் நகரில், மேட்டின்மேல், ஆற்றையும் பழைய மாளிகை விடுதியையும் பார்த்தபடி கிம் ஷின் காத்திருக்கிறான். பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஒரு மாணவி அவன்முன் நின்று, நான் யாரென்று தெரியும்தானே என்கிறாள். என் முதலும் முடிவுமான மணமகள் என்கிறான் அவன்.

திருக்குறளில் ஒரு பெண் உண்டு. இந்தப் பிறவியில் பிரியமாட்டோம் என்று கணவன் சொல்ல, அப்படியானால் அடுத்த பிறவியில் பிரிவாய் என்று பொருள் கொண்டு கண் நிறைய நீர் கொண்டவள். அவளுக்கு இந்தக் கடைசிக் காட்சியைக் காட்ட வேண்டும் என்று நான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியிருந்தன. “இந்தப் பிறவியில இவளைப் பெத்தவ ஒருத்தி இருப்பாளே,” என்றார். “ஊர்ல உட்கார்ந்து, பிள்ளை சுற்றுலா முடிஞ்சு எப்ப வரும்னு பார்த்துக்கிட்டு இருப்பா. இவ பழைய வீட்டை எல்லாம் நினைவில வச்சிக்கிட்டு இங்க நிக்கிறா. அந்த அம்மாவை யாரு பார்க்கிறது?”

நான் காட்சியைப் பின்னுக்கு இழுத்து, அவள் மேடேறி வரும் இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன். சீருடையில் தோழிகள் வருகிறார்கள், சிரிக்கிறார்கள். அந்தத் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.