மூன்றே சொற்கள் நின்ற வரி

இருபுறமும் சீராக நிற்கும்படி இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை வடிவமைத்தபோது சில வரிகளில் மூன்றே சொற்கள் நின்றன, நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி. அடுத்த வரி 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று தொடங்கும். அந்த நீளச் சொல்லுக்கு மேல்வரியில் இடமில்லை, அதனால் மிச்சமிருந்த மூன்றும் விரிந்துகொண்டன.

முதலில் ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியைத் திறந்தேன். வேர்டு ஸ்பேசிங், அதாவது சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, வழக்கம்போல குறைந்தபட்சம் 80, விரும்பும் அளவு 100, உச்சம் 133 சதவீதம் என்றிருந்தது. 133 என்பதை 110 ஆக்கினேன். ஓட்டைகள் அப்படியே இருந்தன. வரியை நிரப்ப வேறு வழியில்லை என்றால் மென்பொருள் அந்த உச்ச அளவையும் மீறிவிடும். பிரிஃபரன்ஸில் கம்போசிஷன் பகுதிக்குப் போய் ஹெச் அண்ட் ஜே (சொல் உடைப்பு, வரி நிரப்பல்) மீறல்களைக் காட்டச் சொன்னதும் அந்த வரிகளெல்லாம் மஞ்சளாயின.

எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியான லெட்டர் ஸ்பேசிங்கையும் கூட்டிப் பார்த்தேன். யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்க எழுத்துருவில் இருந்த அத்தியாயத்தில் 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து, கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நின்றது. படிக்கிறவர் கண்ணில் இது ஓட்டையை விட மோசம். உடனே சுழியத்துக்குத் திருப்பினேன்.

அப்புறம்தான் வேர்டு ஸ்பேசிங்கின் குறைந்தபட்ச அளவைக் கவனித்தேன். அதை 70க்கு இறக்கி, எழுத்தின் அகலத்தை மாற்றும் க்ளிஃப் ஸ்கேலிங்குக்கு 98 முதல் 102 சதவீதம் வரை இடம் கொடுத்ததும், கீழே விழுந்துகொண்டிருந்த சொற்கள் பல மேலே ஏறின. எல்லாவற்றையும், பத்திகளுக்குப் பொதுவான அமைப்பான பாராகிராஃப் ஸ்டைலிலேயே செய்தேன். பத்தி பத்தியாகச் செய்தால் முடிவே இருக்காது.

மிச்சமிருந்த மஞ்சள் வரிகளைக் கையால் பார்த்தேன். நீளச் சொல்லின் நடுவே டிஸ்கிரீஷனரி லைன் பிரேக் வைத்தால், தேவைப்படும் இடத்தில் மட்டும் சிறு கோடு இல்லாமல் சொல் உடையும். எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரே பிடிவாதம்: புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்' வரை மேலே, 'கெல்லாம்' கீழே. அந்த க் மேலேயே தங்க வேண்டும். வரியைக் கட்டாயமாக உடைக்கும் ஷிஃப்ட் என்டர் பக்கம் போகவே இல்லை. வாசகம் நகர்ந்தாலும் அந்த உடைப்பு அங்கேயே நின்று அரை வரியை முழு அகலத்துக்கு இழுத்துவிடும்.

கடைசி நேரத்தில் ஆசிரியர் மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்தார். வரிகள் எல்லாம் நகர்ந்தன. நான் உடைத்து வைத்த சொற்களில் வரிக்கு நடுவே வந்தவை எந்த அடையாளமும் இல்லாமல் ஒன்று சேர்ந்துகொண்டன. புதிதாக மஞ்சளான நான்கு வரிகளை மட்டும் சரி செய்து கோப்பை அனுப்பினேன்.