புதுப்பித்தலுக்குக் காத்திருக்கும் ஆண்டு

வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு முடியப்போகும் ஆண்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் சில மாற்றங்கள் சத்தமில்லாமல் நடக்கும். இணையதளத்திலிருந்து பதாகை பிடித்த பெண்களின் படங்கள் இறங்கிவிடும். மணல் அள்ளுவதைப் பற்றித் தயாரான உண்மையறியும் அறிக்கை "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அலமாரிக்குப் போகும். ஆட்சியருக்கு எழுதும் மனுவில் நிறுவனத்தின் லெட்டர்பேடு இருக்காது, ஊர்ப் பெண்கள் சங்கத்தின் பெயர்தான் இருக்கும். தகவல் உரிமை விண்ணப்பத்தைக் களப்பணியாளர் தன் சொந்தப் பெயரில், சொந்த வீட்டு முகவரியிலிருந்து அனுப்புவார். இப்படிச் செய்யச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவு போட்டிருக்க மாட்டார். குடிமைவெளி, அதாவது மக்கள் அமைப்பாகச் சேர்ந்து பேசவும் செயல்படவும் உள்ள இடம், சுருங்குவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தடை வருவதற்கு முன்பே, தடை வந்துவிடுமோ என்ற கணக்கு வேலையைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) முதலில் வந்தது 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில். 2010-இல் புதிய சட்டமாக எழுதப்பட்டு, பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2020 செப்டம்பர் இறுதியில் வந்த திருத்தம் அதை மேலும் இறுக்கியது. இதை ஒரு கட்சியின் வேலை என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. 2012-இல் கூடங்குளம் போராட்டத்தின்போது, வெளிநாட்டுப் பணம்தான் பின்னால் இருக்கிறது என்று அன்றைய மத்திய அரசு சொன்னது. தென் தமிழகத்தில் சில தொண்டு நிறுவனங்களின் மீது நடவடிக்கையும் பாய்ந்தது. கடலோரத்தில் வேலை செய்யும் அமைப்புகள் பல அதை இன்றும் நினைவில் வைத்துத்தான் திட்டம் எழுதுகின்றன. அதே சட்டத்தில் அரசியல் கட்சிகள் மாட்டிக்கொண்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். இரு பெரிய தேசியக் கட்சிகளும் விதியை மீறி நன்கொடை வாங்கின என்று 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதன்பின் 2016, 2018 நிதிச் சட்டங்கள் வழியே 'வெளிநாட்டு மூலம்' என்பதன் வரையறையே முன்தேதியிட்டு மாற்றப்பட்டது, 1976 வரை பின்னோக்கி. தொண்டு நிறுவனங்களின் மீதான மற்ற விதிகள் அப்படித் தளரவில்லை.

2020 திருத்தத்தில் களத்தை அதிகம் காயப்படுத்தியது 7-ஆம் பிரிவு என்பதே எங்கள் கருத்து. அதற்கு முன்பு, பதிவு பெற்ற ஒரு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டு நிதியில் ஒரு பங்கைப் பதிவு பெற்ற இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். இப்போது யாருக்கும் கொடுக்கக் கூடாது. பதிவு இருந்தாலும் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் பல ஆண்டுகளாக நடந்த ஏற்பாடே அதுதான். சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் நிறுவனம் ஆங்கிலத்தில் திட்டம் எழுதும், நிதி தரும் அமைப்போடு பேசும், ஆடிட்டரை வைத்துக் கணக்கு ஒப்படைக்கும். வேலையைச் செய்வது வட்டார அளவில் இருக்கும் ஏழெட்டுச் சிறு அமைப்புகள். கொத்தடிமையாகச் செங்கல் சூளையில் கிடப்பவர் யார், எந்த ஊர்ச் சுடுகாட்டுப் பாதை அடைபட்டிருக்கிறது, எந்தக் குப்பத்தில் பட்டா வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

திருத்தம் நிதியாண்டின் நடுவில் வந்தது. கொரோனா நிவாரணம் உச்சத்தில் இருந்த நேரம். ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை போய், இரண்டாம் தவணைக்குக் காத்திருந்த சிறு அமைப்புகளுக்கு அது வரவே இல்லை. பிறகு பெரிய நிறுவனங்கள் இரண்டு வழிகளை முயன்றன. ஒன்று, சிறு அமைப்பிடமிருந்து 'சேவைக் கட்டணம்' என்று பில் வாங்கிப் பணம் தருவது. இது ஆபத்தான வழி. பயிற்சிக் கூடத்துக்கு வாடகை, சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று உண்மையான விற்பனையாளராக இருந்தால் பரவாயில்லை. மாதாமாதம் ஒரே தொகை, ஒரே அமைப்புக்கு, அங்குள்ள ஊழியரின் சம்பளத்துக்குச் சமமாகப் போனால் அது மானியமே என்று ஆய்வில் எழுதிவிடுவார்கள். இன்னொன்று, அந்த ஊர்க் களப்பணியாளர்களைப் பெரிய நிறுவனமே நேரடியாகத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது. இது சட்டப்படி சரி. ஆனால் அதுவரை ஒரு அமைப்பின் செயலாளராக இருந்து வட்டாட்சியரிடம் நேருக்கு நேர் பேசிய பெண், இப்போது வேறொரு ஊரில் இருக்கும் ஒருவருக்கு வாராந்திர அறிக்கை அனுப்பும் ஊழியர். மூன்று ஆண்டு திட்டம் முடிந்ததும் வேலை போகும். திரும்பிப் போக அவருடைய அமைப்பும் இருக்காது, ஏனென்றால் ஆள் இல்லாமல் அதன் ஆண்டுக் கணக்கும் சங்கப் பதிவும் காலாவதியாகியிருக்கும்.

அடுத்தது 20 சதவீத வரம்பு. நிர்வாகச் செலவு முன்பு 50 சதவீதம் வரை போகலாம், இப்போது 20. நிர்வாகச் செலவு என்றால் வாடகையும் மின்கட்டணமும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். விதியைப் படித்தால் பட்டியல் நீளம்: நிர்வாகப் பணியாளரின் சம்பளம், பயணம், தொலைபேசி, அச்சு, வாகனப் பராமரிப்பு, கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தயாரிக்கும் செலவு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். மருத்துவமனையின் மருத்துவர் சம்பளமும் பள்ளியின் ஆசிரியர் சம்பளமும் அதில் வராது என்று விலக்கு இருக்கிறது. ஆக, பள்ளி நடத்தினால் ஆசிரியர் திட்டச் செலவு. பள்ளி ஏன் மூடப்பட்டது என்று கேட்டு ஊரைத் திரட்டும் அமைப்பாளர் எந்தத் தலைப்பில் வருவார்? அங்கேதான் இழுபறி. உரிமை சார்ந்த வேலையில் மனிதர்தான் முழுச் செலவும். அங்கே வாங்கிக் காட்டப் பொருள் எதுவும் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரும் சிறு நிறுவனம். 20 சதவீதம் என்றால் 4 லட்சம். கணக்காளர் மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. வாடகை மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000. மின்சாரம், இணையம், தபால், தாள் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. ஆடிட்டருக்கு 40,000. கூட்டினால் 3,52,000. மிச்சம் 48,000. ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 4,000 ரூபாய். அவருக்கு 25,000 கொடுத்தால் நிர்வாகச் செலவு 32 சதவீதத்தைத் தாண்டும். ஒருங்கிணைப்பாளரின் நேரத்தைப் பிரித்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. எத்தனை நாள் களத்தில் பயிற்சி கொடுத்தார், எத்தனை நாள் அலுவலகத்தில் இருந்தார் என்று நேரப் பதிவேடு வேண்டும். அது அன்றன்று எழுதியதாக இருக்க வேண்டும். தணிக்கைக்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதினால் பார்த்தவுடன் தெரியும். இன்னொரு சிக்கல், வரம்பு அந்த நிதியாண்டில் பெற்ற தொகையின் மீதுதான். மார்ச் கடைசியில் பணம் வந்து செலவெல்லாம் அடுத்த ஆண்டில் விழுந்தால் கணக்கு இடிக்கும். செலவாகாத நிர்வாகப் பங்கைக் காரணம் எழுதி அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல 2025 தொடக்கத்திலிருந்து வழி இருக்கிறது. அதற்கு முன் பல சிறு நிறுவனங்கள் இதிலேயே தடுக்கி விழுந்தன.

வங்கி விஷயத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் அறியாமைதான். வெளிநாட்டு நிதி முதலில் புது டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்கில்தான் விழ வேண்டும். அங்கிருந்து ஊரில் இருக்கும் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்குகளில் உள்ளூர்ப் பணம் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. வட்டி வந்தால் அதுவும் வெளிநாட்டு நிதிதான். அதைவிடப் பெரிய குழி, புலம்பெயர்ந்த உறவினர். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகன் துபாயிலிருந்து தன் சம்பளச் சேமிப்பில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிய அவருடைய அண்ணன், ஊருக்கு வந்திருக்கும்போது நூலகத்துக்கு 5,000 ரூபாயை நோட்டாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. ஜிபேயில் அனுப்பினாலும் அப்படியே. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருப்பதால் இது மாறாது. பதிவே இல்லாத கிராம அறக்கட்டளை இதை வாங்கினால் சட்ட மீறல். ரசீதுப் புத்தகத்தில் 'குடியுரிமை' என்று ஒரு கட்டம் போட்டு, பாஸ்போர்ட் நகல் வாங்கிவைப்பது அவசியம். ஊர்க்காரரிடம் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

புதுப்பித்தலுக்கு வருவோம். 2022 ஜனவரி 1 அன்று ஏறக்குறைய 6,000 அமைப்புகளின் பதிவு ஒரே நாளில் இல்லாமல் போனது. விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டிப்பு வந்துகொண்டே இருந்தது. நீட்டிப்பு அறிவிப்பு கெடு முடியும் தறுவாயில் வரும். அதனால் ஊழியருக்கு மூன்று மாத ஒப்பந்தம்தான் கொடுக்க முடிந்தது. வீட்டுக்கடன் கேட்டுப் போன களப்பணியாளருக்கு வங்கி இல்லை என்றது. அனுபவமுள்ளவர்கள் போய்விட்டார்கள். திருத்தங்களை எதிர்த்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை அல்ல என்று தீர்ப்பில் எழுதியது.

இன்று செய்யக்கூடியது இவ்வளவுதான். பதிவு முடிய நான்கு மாதத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள் என்று 2025-இல் உள்துறை அமைச்சகம் சொல்லியிருக்கிறது. எங்கள் ஆலோசனை, முந்தைய ஆண்டே கோப்பைத் திறப்பது. நிர்வாகக் குழுவில் ஆள் மாறினால் 45 நாளுக்குள் எஃப்சி-6இ படிவம். பணமே வராத ஆண்டிலும் டிசம்பர் 31-க்குள் எஃப்சி-4 கணக்கு. வெளியீடு உங்கள் நோக்கப் பட்டியலில் இருந்தால், அதில் செய்தி இல்லை என்று பத்திரிகைப் பதிவாளரிடம் சான்று. கிராமத்து மாதமடல் நடத்துபவர்கள் பலர் இதனால் மடலையே நிறுத்திவிட்டார்கள். கள விசாரணைக்கு வருபவர்கள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டையும் பயனாளிகள் பட்டியலையும் கேட்பார்கள். ஒருவர் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும், எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லக் கூடாது. எதைக் கொடுத்தோம் என்று பட்டியலிட்டுக் கையெழுத்து கேளுங்கள். கையெழுத்து கிடைக்காவிட்டால் அன்றே மின்னஞ்சலில் எழுதிவையுங்கள். புதுப்பித்தல் மறுக்கப்பட்டால் ஓராண்டுக்குள் சீராய்வு மனு போடலாம், உயர் நீதிமன்றமும் இருக்கிறது. இன்சாஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லா நிறுவனத்தாரும் படித்துவைத்திருப்பது நல்லது. கட்சி அரசியலில் இல்லாத அமைப்பு பொதுப் பிரச்சினைக்காகப் போராட்டத்தை ஆதரித்தது என்பதற்காக மட்டும் நன்கொடையை மறுக்க முடியாது என்பதே அதன் சாரம்.

வெளிநாட்டு நிதி போன இடத்துக்குக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணம் வந்திருக்கிறது. ஸ்மார்ட் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் இயந்திரம் என்று பெயர்ப்பலகை வைக்கக்கூடியதற்குத் தாராளமாக வரும். அந்தக் கம்பெனி இருக்கும் ஊரின் நிலத்தடி நீரைப் பற்றிய வேலைக்கு வராது. உரிமை வேலைக்கு உள்ளூர்ச் சந்தாதான் ஒரே நிலையான வழி என்று நாங்கள் நம்புகிறோம். அதுவும் எளிதல்ல. புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி) இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய முறையிலும் இல்லை. வரிச்சலுகை ரசீது கொடுத்தால் கொடுத்தவரின் பெயர் வருமான வரித் துறைக்குப் போகும் பட்டியலில் ஏறும். அரசு ஊழியர்கள் அதைக் கேட்டதும் பின்வாங்குவதுண்டு. ஆனாலும் 200 குடும்பங்கள் மாதம் 250 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 6 லட்சம். தனி வங்கிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம், வெளிநாட்டு நிதியின் நிழல்கூடப் படாத தனி வவுச்சர் கோப்பு. அதில் இரண்டு அமைப்பாளர்களின் சம்பளமும், நீதிமன்றத்துக்குப் போய்வரும் பஸ் செலவும், மனு அச்சடிக்கும் செலவும் அடங்கும்.