அழாத பிள்ளைகள்

பாலர் பள்ளியில் வேலை என்று சொன்னாலே, "ஐயோ, நாள் பூரா அழுவாங்களே, எப்படி டீச்சர் சமாளிக்கிறீங்க?" என்றுதான் கேட்பார்கள். அழுகிற பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதை ஊருக்கே கேட்கும்படி அவனே சொல்லிவிடுகிறான். பக்கத்தில் உட்காரலாம், முதுகைத் தடவிக் கொடுக்கலாம், வாசல் கம்பியை விடமாட்டேன் என்றால் நானும் அவனோடு கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். சில வாரங்களில் பெரும்பாலானவர்கள் பழகிவிடுவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் கண் போவதெல்லாம் வேறு பிள்ளை மேல். முதல் நாளே பையை ஆணியில் மாட்டி, காலணியை ஒழுங்காக வைத்து, பாயில் போய் உட்கார்ந்து, யாரையும் தேடாமல் இருக்கிறதே, அந்தப் பிள்ளை. "ரொம்ப சமத்து டீச்சர், தொல்லையே தராது" என்று கூட்டி வந்தவர்கள் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் பக்கம். முன்பு ரப்பர், இப்போது சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன. தமிழ்ப்பள்ளியும் தோட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டது, பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குலை வெட்டுகிற வேலையில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான் அதிகம். நம் ஆட்கள் பாதிப் பேர் செனாய் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை, மீதிப் பேர் சிங்கப்பூருக்கு ஓடுகிறார்கள். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கிற பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஆனால் அதைத் தாண்ட காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதனால் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது யாரைக் குறை சொல்ல?

ஆக, எங்கள் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு ராத்திரி பக்கத்தில் படுத்திருந்த அப்பா காலையில் இல்லை. பாட்டியோடு வருகிறார்கள், அல்லது வேனில் வருகிறார்கள்.

விளையாட்டு மூலையில் இதெல்லாம் அப்படியே வந்துவிடும். சமையல் விளையாட்டு, டாக்டர் விளையாட்டு எல்லா ஊரிலும் இருக்கும். எங்கள் பிள்ளைகளிடம் 'சிங்கப்பூர் போற' விளையாட்டு ஒன்று உண்டு. நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் மோட்டார். மடித்த காகிதம் பாஸ்போர்ட். ஒருவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப், அதாவது முத்திரை, போடுவான், அவன் முகத்தில் அப்படி ஒரு கடுப்பு! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். ஓர் ஆண்டு வந்த சமத்துப் பையன் ஒருவன் மட்டும் மோட்டார் ஓட்ட வரமாட்டான். ஒரு பொம்மையைப் பாயில் கிடத்தி, துண்டைப் போர்த்தி, நுனிக்காலில் கதவு வரைக்கும் போவான். திரும்பி வருவான். மறுபடி போர்த்துவான், மறுபடி போவான். யாராவது சத்தம் போட்டால் "ஷ்ஷ், பாப்பா தூங்குது" என்பான்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன், "பாப்பா எழுந்து யாரைத் தேடும்?"

"தேடாது. அப்பா கடைக்குப் போயிருக்காரு."

வீட்டில் பாட்டி தினமும் காலையில் சொல்கிற பதில் அது. கடைக்குப் போன அப்பா ராத்திரிதான் வருகிறார். கேட்டுப் பயனில்லை என்று பிள்ளை கேட்பதையே விட்டுவிட்டான்.

டிப்ளோமா படிக்கும்போது ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவரைப் பற்றிப் படித்தோம். 1950களில் லண்டனில், தாய்-பிள்ளைப் பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு வேலை செய்தவர். அப்போது அங்கே மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோர் வந்து பார்க்கக் கடுமையான கட்டுப்பாடு. பார்த்தால் பிள்ளை அழுகிறது, வார்டே கலவரமாகிறது என்பது நர்சுகளின் வாதம். பெற்றோர் வராவிட்டால் சில நாளில் பிள்ளை அமைதியாகிவிடும், அதைப் 'பழகிவிட்டது' என்று எழுதிக்கொள்வார்கள். ராபர்ட்சன் வார்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அழுகை, எதிர்ப்பு. அப்புறம் சோர்வு. அதற்கும் அப்புறம், அம்மா வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பது போன்ற ஒரு விலகல். பழகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்த இடத்தில்தான் பிள்ளை நம்பிக்கையை விட்டிருந்தது. 1952இல் அதைப் படமாகவே எடுத்துக் காட்டினார். டாக்டர்கள் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959இல் பிளாட் அறிக்கை என்ற பிரிட்டிஷ் அரசுக் குழு அறிக்கை பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கச் சொன்னது. நம் வகுப்பு மருத்துவமனை இல்லை, நான்கு மணி நேரப் பிரிவு அந்தப் பிரிவும் இல்லை. இருந்தாலும் அமைதியைப் பார்த்து அவசரப்பட்டுச் சந்தோஷப்படக் கூடாது என்பதை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

பிரிவு என்றால் எங்கள் ஊருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பலர் வேலை போய்விடுமே என்று அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். எல்லை முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. அதற்கு அப்புறம் வந்த பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் "அம்மா எங்கே?" என்றால் கைப்பேசியைக் காட்டினார்கள்.

அந்தப் பையனின் பாட்டியிடம் பேசினேன். அவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். "இது என்ன புதுசா டீச்சர்? நாங்க இருட்டுல எழுந்து பிள்ளைய ஆயாக் கொட்டாயில போட்டுட்டுப் பெரட்டுக்கு ஓடுவோம். எங்க பிள்ளைங்க வளரலையா?" (பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவது.) நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். ஆயாக் கொட்டகையில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலும், அம்மா எந்த ரப்பர் மர நிரையில் இருக்கிறாள் என்று ஆயாவுக்குத் தெரியும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும். மத்தியானம் பால் வாளியோடு அவள் வருவதையும் அது தினமும் பார்க்கும். அம்மா போவதும் தெரிந்தது, வருவதும் தெரிந்தது. இங்கே பிள்ளைக்கு இரண்டுமே தெரியாது. பாட்டியிடம் இதைச் சொன்னேன். "சொன்னா அழுவானே" என்றார்.

அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடிந்தது. "எழுப்பிச் சொன்னா காலைப் பிடிச்சுக்குவான் டீச்சர், நான் எப்படிக் கிளம்பறது?" எழுப்பச் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது சொல்லுங்கள் என்றேன். 'நீ எழுந்திருக்கும்போது அப்பா இருக்க மாட்டேன், வேலையில இருப்பேன், நீ ராத்திரிச் சோறு சாப்பிட்ட அப்புறம் வருவேன்.' இதே வாக்கியம், தினமும். மணி சொன்னால் ஐந்து வயதுக்குப் புரியாது. சோறு, குளியல், நாடகம் என்று சொன்னால் புரியும். பாட்டியும் கடைக்கதையை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே பையன் பள்ளி வாசலில் அழ ஆரம்பித்தான். அப்படி இப்படி இல்லை, நல்ல சத்தமாக. பாட்டி நேராக என்னிடம் வந்தார். "நல்லா இருந்த பிள்ளைய அழ வச்சிட்டீங்களே!" எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ள முடியுமா? உதவியாளர் அக்கா அவனை மடியில் வைத்துக்கொள்வார். 25 பிள்ளைக்கு நாங்கள் இரண்டே பேர் என்பதால் மற்ற பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வேன். வாசலில் எப்போதும் அதே அக்கா, அதே இடம், அதே பேச்சு: "பள்ளி விட்டா பாட்டி, சோறு சாப்பிட்டா அப்பா." ஆள் மாறினால் வேலை நடக்காது. கொஞ்ச நாளில் அழுகை குறைந்து, சண்டை போட ஆரம்பித்தான், சாப் போடுகிற மேசைக்காக.

2017இல் திருத்திய தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தில் சமூக உணர்ச்சி வளர்ச்சிக்கென்று தனி இடமே கொடுத்திருந்தார்கள். அதற்காகச் சுவரில் சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம் எல்லாம் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த முகங்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. "இன்னைக்கு உனக்கு எப்படி இருக்கு?" என்றால் எல்லாரும் சிரிக்கிற முகத்தைத்தான் தொடுவார்கள். டீச்சருக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதைவிட, விழுந்தவனைப் பார்த்து "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பெரியவர்கள் சொல்வதை நிறுத்தினாலே பாதிப் பாடம் முடிந்தது. முழங்காலில் ரத்தம் வருகிறது, எப்படி ஒன்றுமில்லாமல் போகும்? 'போலீஸ் வருவார்', 'ஊசி போடுவாங்க', 'அழுதா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்' இதெல்லாம் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறார்.

அமைதியில் இன்னொரு வகையும் உண்டு. வீட்டில் ஓயாமல் பேசும், பள்ளியில் வாயே திறக்காது. முதல் மாதத்தில் இது சகஜம். வீட்டில் மலாயோ ஆங்கிலமோ பேசுகிற பிள்ளைக்குத் தமிழ் புரியாமலும் இருக்கலாம், அதை முதலில் பார்த்துக்கொள்வேன். மாதங்கள் போனாலும் மாறவில்லை என்றால் அது அடமும் இல்லை, திமிரும் இல்லை, பதற்றம். "வணக்கம் சொல்லு, சொன்னாத்தான் சாக்லேட்" என்று நெருக்கினால் இன்னும் இறுகிவிடும். தலையாட்டினால் போதும் என்று விட்டுவிட்டு, கிளினிக்குக்குப் போகச் சொல்வேன். அங்கேதான் சிக்கல். "என் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று கேட்ட அப்பாக்கள் உண்டு. அதனால் இப்போது நோய்ப் பெயர் எதையும் நான் சொல்வதில்லை, அது டாக்டர் வேலை. வகுப்பில் நான் பார்த்ததைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இந்த ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிப் போகாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "ஏபிசி எப்ப எழுத வைப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார், அது ஒவ்வோர் ஆண்டும் வருவதுதான். கடைசியில் ராத்திரி ஷிப்ட் போகிற ஓர் அம்மா எழுந்தார். "நான் வீட்டுக்கு வரும்போது அவ பள்ளிக்கூடத்துல இருக்கா. அவ வரும்போது நான் தூங்குறேன். எழுந்ததும் குளிச்சுட்டு ஓடணும். எப்ப டீச்சர் சொல்றது?" கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. அப்புறம் வேன் ஓட்டுகிற அண்ணன்தான், "அரை மணி நேரம் முன்னாடி எழுந்துக்கம்மா, அவளைக் கடைசி வீடா இல்லாம முதல் வீடா இறக்கி விடுறேன்" என்றார். அந்த ஏற்பாடுதான் இப்போது ஓடுகிறது.