பின்டோ என்றால் கதவு

பிலிப்பீன்ஸின் தகலோக் மொழியில் 'பின்டோ' என்றால் கதவு. மணிலாவுக்குக் கிழக்கே, ஆன்டிபோலோ மலைச்சரிவில் இருக்கும் பின்டோ கலை அருங்காட்சியகத்தில் முதல் நாள் நான் பார்த்தது அதை மட்டும்தான். திங்கட்கிழமை விடுமுறை என்று பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. காவலாளி சிரித்துக்கொண்டே "நாளைக்கு வாங்க, சார்" என்றார். வெயிலில் ஏறிய மேட்டை அப்படியே திரும்பி இறங்கினேன்.

நான் தேடிப் போனது நிறுவல் கலை. சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லாமல், ஓர் அறையையோ மைதானத்தையோ முழுசாக எடுத்துக்கொண்டு நம்மையும் உள்ளே நடக்கவிடுகிற வகை. அதற்கு முன்னோட்டம் விமான நிலையத்திலேயே கிடைத்துவிட்டது. பெட்டி எடுக்கும் இடத்தில் சூட்கேஸ்களைவிட அட்டைப்பெட்டிகள்தான் அதிகம் சுற்றி வந்தன. நாலு பக்கமும் டேப், மேலே மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும். பாலிக்பாயன் பெட்டி என்பது இதுதான். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் சோப்பு, சாக்லேட், செருப்பு என்று மாதக்கணக்கில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் அனுப்புவதும் இதில்தான்.

பிலிப்பீன்ஸ் கலைஞர்களான ஆல்ஃப்ரெடோ, இசபெல் அக்விலிசான் தம்பதி 2006-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். 2008-இல் இவர்கள் செய்த 'முகவரி' என்ற படைப்பில் அட்டையே கிடையாது. துணிமணி, பொம்மை, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் பெட்டியின் அச்சில் சதுரமாக இறுக்கி, செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் முன்னால் டேப் பிரிந்து, ஒரு குழந்தை ஷூ எட்டிப் பார்த்தபடி ஒரு பெட்டி நகர்ந்து போனபோது அது சட்டென்று புரிந்தது.

செவ்வாய்க்கிழமை கதவு திறந்திருந்தது. ஹோவென் குவானாங் என்ற நரம்பியல் மருத்துவர் உருவாக்கிய இடம் இது. எண்பதுகளில் இளம் ஓவியர் கூட்டம் ஒன்று அவர் வீட்டுத் தோட்டத்தில் கூடி, துணி காயப்போடும் கொடியில் தங்கள் படங்களைத் தொங்கவிட்டுக் காட்டியதில் தொடங்கியது. அந்தக் கூட்டத்தின் பெயர் சாலிங்புசா. விளையாட்டில் சின்னப் பிள்ளை அழக்கூடாது என்று கணக்கில் இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களே, அந்தப் பிள்ளைக்குத் தகலோக்கில் சொல்லும் பெயர் அது. நம்முடைய ஒப்புக்குச் சப்பாணி! அவர்களில் ஒருவரான மார்க் ஹுஸ்டினியானிதான் 2019-இல் வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் பிலிப்பீன்ஸ் அரங்கை நிறைத்தவர். அங்கே கண்ணாடித் தளத்தின் மேல் நடந்தால், காலுக்குக் கீழே அடியே தெரியாத பள்ளம் விரியும்.

வெள்ளைச் சுவர், வளைவு, படிக்கட்டு என்று பின்டோவில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் மூலைகள் நிறைய. அவற்றை வேகமாகக் கடந்துவிட்டேன். நின்றது அந்தோனியோ லெயான்யோவின் 'காடு' என்ற படைப்பில்தான். மூங்கில் குச்சிகள் இரு பக்கமும் தலைக்கு மேலும் நெருக்கிப் பின்னி நிற்க, நடுவில் குகை போல ஒரு வழி. முதலில் தெரிந்தது ஓசை. வெளியே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் உள்ளே வரவர மங்கிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குச்சியின் கணுவிலும் தூசி உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை.

மணிலா விரிகுடா ஓரமிருக்கும் பிலிப்பீன்ஸ் கலாச்சார மையத்தின் பிரதான கட்டடத்தைச் சீரமைப்புக்காக 2023-இல் மூடினார்கள். எனக்கு வேண்டியது கட்டடம் இல்லை, வளாகம். 2007-இல் ஜுன்யீ என்ற கலைஞர், மரம் வெட்டுகிறவர்கள் கழித்துப் போட்ட கட்டைத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து முன்புல்வெளியில் பரப்பி, ஒரு காலத்தில் இருந்த காட்டை நினைவூட்டினார். அதற்கும் முன்பு, 1989-இல், ரோபெர்ட்டோ வில்யானுவேவா இந்த வளாகத்தில் ரூனோ புல்லால் ஒரு பெரிய சுழல்வழி கட்டினார். சுற்றிச் சுற்றி மையத்துக்குப் போனால் அங்கே தாப்-அய், அதாவது கோர்டில்யேரா மலை ஊர்களில் பெரியவர்கள் கூடிப் பேசும் கல் வட்டம். மட்கி மண்ணோடு போய்விடும் பொருளில் வேலை செய்வதே அவர் வழி. அவரும் 1995-இல் காலமாகிவிட்டார். இப்போது அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கூட வந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சரி, ரூனோ விளையும் ஊருக்கே போவோம் என்று கோர்டில்யேரா மலையிலுள்ள பாகியோவுக்கு இரவுப் பேருந்து ஏறினோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், ஸ்வெட்டர் அவசியம். அங்கே அசம்ப்ஷன் சாலையில் இலி-லிகா என்ற கலைஞர் கிராமம் இருக்கிறது. 'இலி' மலைமக்கள் பேச்சில் ஊர், 'லிகா' தகலோக்கில் படைப்பு. பெயர்ப்பலகையைத் தேடி இரண்டு முறை கடந்து போனோம். உள்ளே நுழைந்தால் பழைய மரம், கழற்றிய ஜன்னல், உடைந்த ஓடு எல்லாம் சேர்ந்து மேலும் கீழுமாக வளர்ந்த ஒரு விசித்திர வீடு. எது படிக்கட்டு, எது சிற்பம் என்று பிரிக்க முடியாது. சாப்பிடவும் கடைகள் உண்டு.

உருவாக்கியவர் திரைப்பட இயக்குநர் கிட்லாட் தஹிமிக். 2018-இல் தேசியக் கலைஞர் என்ற விருது பெற்றவர். அப்போது பிலிப்பீன்ஸை ஆண்ட ஸ்பெயினின் மாட்ரிட்டில் 1887-இல் பிலிப்பீன்ஸ் மலைமக்களைக் கூட்டிப்போய்க் காட்சிப்பொருளாக வைத்தார்கள். அந்தக் கண்காட்சிக்காகக் கட்டிய கண்ணாடி மாளிகை இன்னும் அங்கே நிற்கிறது. 2021-இல் அதே மாளிகைக்குள் இவர் ஒரு பெரிய நிறுவலை அமைத்தார். இஃபுகாவ் மக்களின் காற்றுத் தெய்வம் இன்ஹாபியானும், பாவாடை பறக்கும் மர்லின் மன்றோவும் அதில் எதிரும் புதிருமாக நின்றார்கள். பழிவாங்கல் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு குறும்பு.

மறுநாள் ஆசின் சாலையில் ஓவியர் பென்காபின் அருங்காட்சியகம். நெல்லைக் காக்கும் புலுல் மரச்சிலைகளுக்காகவே போகலாம். திரும்பும் வழியில் சரிவு நெடுக ஆளுயரத்துக்குப் புல், நம்ம நாணலுக்குச் சொந்தக்காரன் மாதிரி. வண்டி ஓட்டியவரிடம் கேட்டேன். "ரூனோ," என்றார், இதைப் போய்க் கேட்கிறாயே என்ற முகத்தோடு. நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு தாளைப் பிடித்து உருவினேன். ஓரம் பிளேடு மாதிரி. ஆள்காட்டி விரலில் நீளமாக ஒரு கீறல். ஓட்டுநர் டிஷ்யூ காகிதம் நீட்டினார். மணிலா வந்து சேரும்வரை எரிந்துகொண்டிருந்தது.