ஃபிரிட்ஸ் பொல்லார்ட்

1920இல் ஓஹையோவின் ஆக்ரன் ப்ரோஸ் அணிதான், பின்னாளில் என்.எஃப்.எல். என்று பெயர் மாறிய அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் முதல் சாம்பியன். அதன் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபிரிட்ஸ் பொல்லார்ட். கறுப்பினத்தவர், ஆளும் பெரிய உருவமில்லை. கீழே விழுந்தால் சட்டென்று மல்லாக்கப் புரண்டு, ஆணி வைத்த பூட்ஸ் கால்களை மேலே தூக்கிக்கொள்வாராம். இல்லாவிட்டால் எதிரணிக்காரர்கள் வேண்டுமென்றே மேலே வந்து விழுவார்கள். எத்தனை அடி வாங்கியிருந்தால் இந்த வித்தை கைவந்திருக்கும்!

மறு வருடம் அதே அணிக்குப் பயிற்சியாளரும் ஆனார். அப்புறம் 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் வருவதற்கு 1989 ஆகிவிட்டது.

சிறந்த ஃபுட்பால் வீரர்களைக் கௌரவிக்க 1963இல் திறந்த ஹால் ஆஃப் ஃபேமில் இவருக்கு இடம் கிடைத்தது 2005இல். பொல்லார்ட் 1986இலேயே போய்விட்டார். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம். 92 வயது வரை இருந்தாரே மனுஷன்!