எல்டன் ரிங்கில் மந்திரவாதியை வளர்ப்பது: ஆஸ்ட்ராலஜராக ஆடிய அனுபவம்

எல்டன் ரிங் வீடியோ கேமைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "மேஜ் (மந்திரவாதி) எடுத்தா ஈஸியா, கஷ்டமா?" தொடக்கம் கஷ்டம், நடுப்பகுதி சுகம், கடைசிப் பகுதி நீங்கள் எப்படிப் புள்ளி போட்டு வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது என்று சொல்வேன். வாள் பிடித்து ஆடுகிறவருக்குக் கைக்கு வாகான ஒரு ஆயுதம் கிடைத்துவிட்டால் அதையே மேம்படுத்திக்கொண்டு கடைசி வரை போய்விடலாம். மந்திரவாதிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் (மந்திரத்துக்கும்) இவ்வளவு இன்டெலிஜென்ஸ் (மந்திர அறிவுப் புள்ளி) வேண்டும் என்று ஒரு எண் இருக்கிறது. அதில் ஒன்று குறைந்தாலும் அந்த ஸ்பெல்லை வீச முடியாது. ஆகவே லெவல் ஏற்றும் ஒவ்வொரு முறையும் "அடுத்து எதை எடுக்கப் போகிறேன், அதற்கு எவ்வளவு வேண்டும்" என்று பார்த்துப் புள்ளி போடுவதுதான் இந்த பில்டின் (புள்ளி அமைப்பின்) உயிர். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவது அதைத்தான்.

தொடக்கக் கதாபாத்திர வகையான கிளாஸைத் தேர்வதில் தயங்க வேண்டாம். ஆஸ்ட்ராலஜர் லெவல் 6இல் தொடங்குகிறது, இன்டெலிஜென்ஸ் 16, மைண்ட் (மந்திர சக்தியின் அளவைக் கூட்டும் புள்ளி) 15. பிரிசனர் லெவல் 9, இன்டெலிஜென்ஸ் 14. கையில் எஸ்டாக் வாளும் இருப்பதால் கிட்ட நின்று சண்டை போடவும் ஆசைப்படுகிறவருக்குப் பிரிசனர் பொருந்தும். மந்திரம்தான் பிரதானம் என்றால் ஆஸ்ட்ராலஜர். பின்னால் புள்ளிகளை மாற்றிப் போட வழி உண்டு என்றாலும், தொடக்க கிளாஸின் அடிப்படை எண்ணுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. அதனால் இந்த முடிவு கடைசி வரை கூடவே வரும். கீப்சேக் (தொடக்கப் பரிசு) கேட்கும் இடத்தில் கோல்டன் சீட் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரையோ மந்திர சக்தியையோ நிரப்பும் குடுவையான ஃப்ளாஸ்க் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும்.

ஆஸ்ட்ராலஜரின் விகர் 9, அது தரும் ஹெச்பி (உயிர் அளவு) 396. தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் கொஞ்சம் பெரிய எதிரி இரண்டு அடி வைத்தால் முடிந்தது. ஆகவே முதல் கட்டத்தில் சண்டையைத் தேடிப் போகாமல் பொருளைத் தேடிப் போவதுதான் புத்திசாலித்தனம். கேட்ஃபிரன்ட் பக்கம் போய் டாரன்ட் குதிரையை வாங்கிக்கொள்ளுங்கள். சர்ச் ஆஃப் எல்லேயில் ரென்னா என்ற பெண் தரும் மணியையும் ஓநாய் ஆவிகளையும் விட்டுவிட வேண்டாம். மூன்று ஓநாய்கள் எதிரியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தூரத்தில் நின்று கிளின்ட்ஸ்டோன் பெபிள் என்ற தொடக்க ஸ்பெல்லை வீசலாம். அவற்றை அழைக்க 55 எஃப்பி (மந்திர சக்தி) போகும், அழைத்த கையோடு அதை நிரப்பும் ஒரு நீல ஃப்ளாஸ்க் குடித்துவிடுங்கள். வேபாயின்ட் ரூயின்ஸின் நிலவறையில் பம்ப்கின் ஹெட்டை வென்றால் செல்லென் இருப்பார். ஸ்பெல் கற்றுத் தருபவர் அவர்தான், விளையாட்டு முடியும் வரை அவரைத் தேடி வந்துகொண்டே இருப்பீர்கள்.

இப்போது முதல் முக்கியமான எண்: 18. கேலிட் பகுதியில் ஏயோனியா சதுப்பில் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் என்ற இடிபாடு இருக்கிறது. மீட்டியோரைட் ஸ்டாஃப் என்ற மந்திரக்கோலும் ராக் ஸ்லிங் ஸ்பெல்லும் அங்கேதான் கிடக்கின்றன. இரண்டுக்கும் வேண்டியது 18 இன்டெலிஜென்ஸ். ஆஸ்ட்ராலஜரிடம் 16 இருக்கிறது, இரண்டே லெவல் போதும். பாஸ் எனப்படும் பெரிய எதிரி எதையும் கொல்லாமல், விளையாட்டைத் தொடங்கிய அன்றே போய் எடுத்துவிடலாம்.

போகும் வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயந்து திரும்பி விடுகிறவர்கள் இங்கேதான் அதிகம். லிம்கிரேவ் ஏரி அருகே டிராகன்-பர்ன்ட் ரூயின்ஸில், நிலவறையில் ஒரு பெட்டி இருக்கிறது. திறந்ததும் புகை வந்து உங்களைக் கேலிட்டிலுள்ள செல்லியா கிரிஸ்டல் சுரங்கத்துக்குள் தூக்கிப் போட்டுவிடும். உள்ளே இருப்பவர்களோடு மோதாதீர்கள். குனிந்தும் ஓடியும் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்தவுடன் குதிரை. சதுப்பில் எங்கேயும் நிற்காமல் இடிபாட்டுக்கு ஓட்டுங்கள். சேற்றில் இறங்கி நடந்தால் ஸ்கார்லெட் ராட் என்ற அழுகல் நோய் ஏறி, உள்ள கொஞ்சநஞ்ச உயிரையும் அரித்துவிடும். ஸ்டாஃப் இடிந்த கட்டடம் ஒன்றின் ஜன்னலில் கிடக்கும் பிணத்தின் மேல் இருக்கும். ராக் ஸ்லிங் நிலவறைப் பெட்டியில். கையில் இருக்கும் ரூன்களை (விளையாட்டின் நாணயம்) முன்னாடியே செலவழித்துவிட்டுப் போனால் செத்தாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

மீட்டியோரைட் ஸ்டாஃபை மேம்படுத்த முடியாது. ஆனால் அதன் இன்டெலிஜென்ஸ் ஸ்கேலிங் (இன்டெலிஜென்ஸுக்கு ஏற்பப் பலம் கூடும் அளவு) மிக உயர்ந்த எஸ் தரம், எடுத்த நாளிலேயே முழு வேகத்தில் இருக்கும். ஆயுதத்தை மேம்படுத்தும் கல்லான ஸ்மிதிங் ஸ்டோன் எதையும் அதில் கரைக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு லாபம். ஈர்ப்பு வகை ஸ்பெல்களின் டேமேஜை அது 30 சதவீதம் கூட்டும், ராக் ஸ்லிங் அந்த வகைதான். அதனால்தான் இந்த இரண்டையும் ஒன்றாக எடுக்கச் சொல்கிறேன்.

ராக் ஸ்லிங் பற்றி இன்னும் ஒன்று. தரையிலிருந்து மூன்று பாறைகள் பெயர்ந்து மேலே எழுந்து எதிரியை நோக்கிப் பாயும்; அவை செய்யும் டேமேஜ் மேஜிக் அல்ல, ஃபிசிக்கல். இன்டெலிஜென்ஸால் வளர்கிற ஃபிசிக்கல் டேமேஜ் மந்திரவாதிக்கு எவ்வளவு அருமையான விஷயம் என்பது மந்திரக் கல்விக்கூடமான ராயா லூகேரியாவுக்குள் நுழைந்ததும் புரியும். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் மேஜிக்கை வாங்கிப் பழகியவர்கள். உங்கள் நீல ஒளிக்கதிர்கள் அங்குள்ள பாஸ் ரெனாலாவிடம் உறைக்காது, பாறை உறைக்கும். கிரிஸ்டல் உடல் கொண்ட கிரிஸ்டலியன்களுக்கும் அப்படியே. எதிரி பாறை அடி தாங்காமல் நிலைகுலைந்து மண்டியிடும் வாய்ப்பும் நன்றாகவே உண்டு. செலவு 18 எஃப்பி, கிளின்ட்ஸ்டோன் பெபிளுக்கு 7 தான். சாதாரண எதிரிக்குப் பெபிள், பாஸுக்குப் பாறை என்று பிரித்துக்கொண்டால் நீலக் குடுவை நாள் முழுக்க வரும். தாழ்ந்த கூரைக்கு அடியில் மட்டும் பாறைகளை நம்ப வேண்டாம், மேலேயே மோதி நொறுங்கிவிடும்.

18ஐத் தொட்ட பிறகு எல்லாப் புள்ளியையும் இன்டெலிஜென்ஸில் கொட்டத் தோன்றும். அங்கே கையைக் கட்டிப் போடுங்கள். அடுத்த பகுதியான லியூர்னியா முடிக்கும்போது விகர் 25ஆவது இருக்க வேண்டும், அதில் ஹெச்பி 800 வரும். ஆல்டஸ் பீடபூமிக்குப் பிறகு 40 நோக்கிப் போங்கள், 40இல் 1450. கடைசிப் பகுதியில் 60 வைத்தால் 1900. அதற்கு மேல் போடுவது வீண், 99 வரை ஏற்றினாலும் 2100 தான். "மேஜுக்கு எதுக்கு விகர், தூரத்துல தானே நிக்கப் போறேன்" என்பது நான் மிக அடிக்கடி கேட்கும் வாதம், அதோடு எனக்கு உடன்பாடே இல்லை. இந்த விளையாட்டில் தூரம் என்பது நிரந்தரம் கிடையாது. நீங்கள் ஸ்பெல் பட்டனை அழுத்தியதுமே பாய்ந்து வருகிற பாஸ்கள் நிறைய. இன்னொரு கணக்கும் பாருங்கள்: நோக்ரானில் கிடைக்கும் மிமிக் டியர் ஆவியை அழைக்க எஃப்பி தேவையில்லை, 660 ஹெச்பி கேட்கும். எஃப்பியை மிச்சம் பிடிக்கும் மந்திரவாதிக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் விகரை வளர்க்காதவரால் அதை அழைக்கவே முடியாது.

மைண்டுக்கு அவ்வளவு பதற வேண்டாம். 15இல் தொடங்குகிறீர்கள்; நடுப்பகுதி வரை 20ஐ ஒட்டி வைத்துக்கொண்டு ஃப்ளாஸ்க்குகளில் நீலத்துக்குக் கூடுதல் பங்கு கொடுத்தால் போதும். எந்த கிரேஸிலும் (ஓய்வெடுக்கும் இடத்திலும்) உயிருக்கான சிவப்பு, எஃப்பிக்கான நீலப் பங்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பலர் மறந்தே போகிறார்கள். குகைக்குள் நீண்ட தூரம் போகும்போது நீலம் அதிகம், பாஸ் வாசலில் சிவப்பைக் கொஞ்சம் கூட்டு.

ராயா லூகேரியாவில் எடுத்தே ஆக வேண்டியது ராடகான் ஐகான் என்ற தாலிஸ்மன் (அணியும் தாயத்து). டிபேட் பார்லரின் மேல்மாடிப் பெட்டியில் இருக்கிறது. ஸ்பெல் வீச எடுக்கும் நேரத்தைக் குறைக்கும். டெக்ஸ்டரிட்டி ஏறினாலும் அந்த நேரம் குறையும், ஆனால் அதற்குப் புள்ளி செலவழிக்க மந்திரவாதியிடம் மிச்சம் இருக்காது. ஒரு ஸ்பெல் எவ்வளவு டேமேஜ் என்று பார்க்கிற அளவுக்கு, அதை வீச எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. சாவது அந்த நேரத்தில்தான். இதே காரணத்துக்காகக் கேரியன் ஸ்லைசரையும் ஒரு ஸ்லாட்டில் வைத்திருக்கச் சொல்வேன்: 14 இன்டெலிஜென்ஸ் போதும், எஃப்பி மிகக் குறைவு, ஒளிவாளைப் பக்கத்திலேயே விசிறும். எதிரி மேலே விழுந்துவிட்ட பிறகு பெபிள் வீசப் பார்ப்பதைவிட அது பல மடங்கு மேல். லிம்கிரேவிலேயே கிடைக்கும் ராயல் ஹவுஸ் ஸ்க்ரோலைச் செல்லெனிடம் கொடுத்தால் விற்பார்.

ஸ்பெல் வைக்கும் ஸ்லாட்டைக் கூட்ட மெமரி ஸ்டோன் வேண்டும். ஒன்றை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் 3,000 ரூனுக்கு வாங்கலாம், ராடகானின் சிவப்பு ஓநாயைக் கொன்றால் ஒன்று, வீப்பிங் பெனின்சுலாவின் ஓரிடிஸ் கோபுரத்தில் மூன்று ஆமைகளைக் கண்டுபிடித்தால் ஒன்று. மற்றவை வழியில் கிடைக்கும்.

ரெனாலாவை வென்ற பிறகு லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றை அவரிடமே கொடுத்துப் புள்ளிகளைப் புதிதாகப் போடலாம். இங்கே உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். அடுத்து வருகிற எண்கள் 38, 52, 60.

38 நைட் காமெட்டுக்கு. கேலிட்டில் செல்லியா ஊரில் கிடைக்கிறது. இந்த விளையாட்டின் மிகச் சிறந்த ஸ்பெல் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பாதி கண்ணுக்குத் தெரியாத கதிர். சாதாரண காமெட் வீசினால் உருண்டு விலகுகிற எதிரிகள் இதற்கு விலகவே மாட்டார்கள். ஸ்பெல் வருவது அவர்களுக்குத் தெரியாது. அதே ஊரில் ஸ்டாஃப் ஆஃப் லாஸ் கிடக்கிறது. நைட் வகை ஸ்பெல்களை 30 சதவீதம் கூட்டும். வீசுவது வேறு கோலாக இருந்தாலும் இன்னொரு கையில் இதைப் பிடித்திருந்தாலே அந்தக் கூடுதல் சேர்ந்துவிடும். 52 இன்டெலிஜென்ஸ் வந்ததும் செல்லியாவிலேயே இருக்கும் லூசாட் ஸ்டாஃபை வலது கையில் எடுங்கள், இடது கையில் ஸ்டாஃப் ஆஃப் லாஸ். எஃப்பி செலவு ஒன்றரை மடங்காகும். மைண்டில் புள்ளி போட வேண்டிய நேரம் அப்போதுதான். கோல்களை ஒப்பிடும்போது தர எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். விவரத் திரையில் சார்சரி ஸ்கேலிங் என்று ஒரு எண் இருக்கும். உங்கள் இப்போதைய இன்டெலிஜென்ஸில் எந்தக் கோலுக்கு அந்த எண் அதிகமோ, அதுவே இன்றைக்கு நல்ல கோல்.

60 என்ற எண்ணில் இரண்டு காத்திருக்கின்றன: ரெனாலாவின் நினைவிலிருந்து கிடைக்கும் கேரியன் ரீகல் செப்டர், அப்புறம் எல்லாரும் பேசுகிற காமெட் அசூர். பின்னது மவுண்ட் கெல்மிரில் கல்லாய் உறைந்து உட்கார்ந்திருக்கும் அசூரிடம் கிடைக்கும். ஸ்பெல்லின் பலத்தைக் கூட்டும் டெர்ரா மேஜிகா வட்டத்தில் நின்று, கொஞ்ச நேரம் எஃப்பி செலவே இல்லாமல் ஆக்கும் செருலியன் ஹிடன் டியர் கலந்த ஃபிசிக் என்ற கலவை மருந்தைக் குடித்துவிட்டு அதைப் பாய்ச்சினால் பெரிய, மெதுவான பாஸ்கள் கரைந்து போகும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் மலேனியா, மாலிகெத் மாதிரி ஓயாமல் பாய்கிறவர்களிடம் அந்த வட்டம் போடவே நேரம் கிடைக்காது. அவர்களிடம் நைட் காமெட்டும், சமயத்தில் ஸ்லைசரும்தான் கை கொடுக்கும்.

60ஐ எட்ட முழுக்க லெவல்தான் ஏற்ற வேண்டும் என்றும் இல்லை. ஸ்டார்கேஸர் ஹெயர்லூம் தாலிஸ்மன் 5 தரும், ட்வின்சேஜ் கிரௌன் 6 தரும். 49 வைத்திருப்பவர் இரண்டையும் அணிந்தால் 60 ஆகிவிடும். கிரௌன் ஹெச்பியையும் ஸ்டாமினாவையும் குறைக்கும் என்பதால் விகர் 40க்குக் குறைவாக உள்ளவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு 80 வரை ஏற்றுவது பலன் தரும். வழியில் 68இல் ரானியின் டார்க் மூன், 70இல் ரெனாலாவின் ஃபுல் மூன். டார்க் மூன் பட்ட எதிரிக்குக் கொஞ்ச நேரம் மேஜிக்கைத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஆகவே சண்டை தொடங்கியவுடன் அதை முதலில் வீசிவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். 80 தாண்டிய பிறகு வருகிற புள்ளிகளை மைண்டுக்கும் விகருக்கும் கொடுத்துவிடுங்கள்.

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்துக்குள் போக ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் முடித்திருக்க வேண்டும். உள்ளே போனதும் உங்கள் லெவலைவிட ஸ்காடுட்ரீ துண்டுகள் முக்கியம். அவற்றைக் கிரேஸில் கொடுத்தால் அந்தப் பகுதிக்குள் நீங்கள் கொடுக்கும் அடியும் ஏறும், வாங்கும் அடியும் குறையும். முதல் பாஸிடம் முட்டிக்கொள்வதற்கு முன் குதிரையில் ஒரு சுற்று சுற்றி, கிடைக்கிற துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.